முன்தண்டுக்காரன் குரல்

பல்லக்குத் தூக்குவதில் ஒரு முறை உண்டு. பின்னால் வருகிறவர்களுக்குப் பாதை தெரியாது, பல்லக்கு மறைத்துக்கொள்ளும். அதனால் முன்தண்டு பிடிப்பவன் “கல்லு, பள்ளம்” என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

கருங்காட்டு ஜமீன்தாருக்கு அந்தக் குரல் ஆகாது. தூக்கம் கெடுகிறதாம். மலை ஏறும்போது எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். ஒரு திருப்பத்தில் பின்னால் வந்த உலகப்பன் பள்ளம் தெரியாமல் இடறினான். தண்டு சாய்ந்து, முன்தண்டு பிடித்திருந்த மாடக்கண்ணுவைச் சரிவில் தள்ளிவிட்டது. பிணத்தைக்கூட எடுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அதே பாதையில், மழையில் இறங்க வேண்டும். “சத்தமும் கூடாது, குலுங்கவும் கூடாது” என்றார் ஜமீன்தார்.

முன்தண்டைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. உலகப்பன் போய்த் தோள் கொடுத்தான்.

“ஆளைக் கொன்ன பயலே! இருபது வருசமா பின்னால நடந்தவனுக்கு முன்னால போக என்னடா தெரியும்?” என்று சீறினார் ஜமீன்தார்.

உலகப்பன் தலை நிமிரவில்லை. “பின்னால வர்றவனுக்கு எந்த இடத்துல என்ன சொல்லணும்னு தெரியும் சாமி. ஆனா நாங்கதான் வாய் திறக்கக் கூடாதே. எங்களை நடத்துறவரு நீங்க. திரையை விலக்கி நீங்களே சொல்லிட்டு வாங்க.”

பல்லக்கு நகர்ந்தது. ஜமீன்தார் திரையை விலக்கினார். கீழே கிடுகிடு பாதாளம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“நீயே கத்தித் தொலைடா!”

“கல்லு” என்றான் உலகப்பன். அடுத்து அவன் சொன்ன “பள்ளம்” மலையில் மோதித் திரும்பியது. பின்னால் கால்கள் பிசகாமல் விழுந்தன.

அந்தத் திருப்பம் வந்தது. அங்கே அவன் பள்ளம் என்று சொல்லவில்லை.

“மாடக்கண்ணு!” என்றான்.

எல்லோரும் காலை அழுத்தி ஊன்றினார்கள். திரைக்குள் இருந்தவருக்கு அன்று தூக்கம் வரவில்லை.