கொத்தனார் அடைக்காமல் விட்ட பொந்து

பறவைகளும் மனிதர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உழவாரக் குருவிக்கு நல்ல நீளமான கால்கள் இருந்தன. மைனாவைப் போல முற்றத்தில் இறங்கி, இப்படியும் அப்படியும் நடைபோட்டு, சிந்திக் கிடப்பதைப் பொறுக்கித் தின்னும். இன்றைக்கு அதைப் பார்த்தால் யாராவது நம்புவார்களா? கால் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது!

இத்தாலியில் ஊருக்கு ஒரு கொடி, ஊருக்கு ஒரு படை, ஊருக்கு ஒரு வீம்பு என்று இருந்த நாட்கள் அவை. வெர்னோலா என்ற ஊர் குன்றின் மேல் இருந்தது. கஸ்பானா என்ற ஊர் ஆற்றங்கரையில் இருந்தது. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஆற்றுப் பாலம் யாருக்குச் சொந்தம் என்று மூன்று தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் கோடையில், “ஊரையே பிடித்துவிடுவோம், பாலம் தானாக வந்துவிடும்” என்று கஸ்பானாக்காரர்கள் படையோடு கிளம்பிவிட்டார்கள்.

வெர்னோலாவின் உயரமான கோபுரத்தைக் கட்டியவர் பிந்தோ என்ற கொத்தனார். கட்டும்போது சாரக் கம்பு செருகுவதற்குச் சுவரில் வரிசையாகப் பொந்து விடுவார்கள் அல்லவா? வேலை முடிந்ததும் அவற்றை அடைத்துவிட வேண்டும். பிந்தோ அடைக்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன! நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில், பொந்துக்கு ஒரு குடும்பமாக உழவாரக் குருவிகள் குடிவந்துவிட்டன.

படை வருகிறது என்றதும் நகரத் தலைவர் மஸ்ஸேயோ அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முன்கோபி, ஆனால் நேர்மையான மனிதர்.

“பிந்தோ, பகைவன் அந்தப் பொந்துகளில் முளை அடித்து ஏறிவிடுவான். இன்று மாலைக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வந்து சத்தியம் செய். ஒன்று திறந்திருந்தாலும் சரி, உன் வலக்கை இனி உன்னுடையது இல்லை!”

பிந்தோ சாந்துச் சட்டியோடு ஏறினார். கீழ்ப் பொந்துகளில் குருவி இல்லை. அவற்றை அடைத்தார். மேல் வரிசைக்குப் போனதும் ஒரு தாய்க்குருவி பொந்தின் வாயிலில் வந்து நின்றது.

“கொத்தனாரே, உள்ளே என் குஞ்சுகள் மூன்று இருக்கின்றன. இன்னும் பன்னிரண்டு நாளில் பறந்துவிடும். அதுவரை பொறுத்துக்கொள்ளக் கூடாதா?”

“பொறுத்தால் என் கை போய்விடுமே, தாயே!”

“உங்கள் மகன் நூத்தோவும் படையில்தானே நிற்கிறான்?”

பிந்தோ அள்ளிய சாந்தைச் சட்டியிலேயே திரும்பப் போட்டார். ஒரே மகன். இரும்புக் கவசம் வாங்க வழியில்லாமல் அப்பாவின் பழைய தோல் அங்கியைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே போயிருந்தான்.

“என் பிள்ளைகளை நீங்கள் காப்பாற்றுங்கள். அவை பறக்கும் வரை நான் தரையில் கால் வைக்க மாட்டேன். வானத்திலேயே சுற்றி உங்கள் பிள்ளைக்குக் காவல் இருப்பேன். இது சத்தியம்” என்றது குருவி.

பிந்தோ சட்டியைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார். சரியென்று மேல் வரிசைகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். நேரே மஸ்ஸேயோவிடம் போய், எல்லாப் பொந்தையும் அடைத்தாயிற்று என்று நாக்கு உலரப் பொய்ச் சத்தியம் செய்தார். பாவம், அதுவரை பொய்யே சொல்லிப் பழகாத மனிதர்.

ஒன்பதாம் நாள் காலை. கிழக்குச் சாலையில் கஸ்பானாவின் முரசு முழங்கியது. வெர்னோலாவின் படை மொத்தமும் கிழக்கே போய் அணிவகுத்து நின்றது. நூத்தோவும் அங்கேதான் நின்றான். அப்போது தாய்க்குருவி அம்பு மாதிரி வந்து பிந்தோவின் தலையைச் சுற்றியது.

“கொத்தனாரே! முரசடிக்க நாலு பேரைத்தான் கிழக்கே விட்டிருக்கிறார்கள். படை மேற்கே, சதுப்பு நிலத்து நாணலுக்குள் வருகிறது! குதிரைகள் மிதிக்க மிதிக்கக் கொசுவும் ஈயும் கூட்டமாக எழும்புகின்றன. எங்கள் இனம் முழுக்க அங்கேதான் குஞ்சுகளுக்கு இரை பிடிக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார்கள்!”

சொன்னால் கை போகும். சொல்லாவிட்டால் மகன் போவான். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? பிந்தோ தலைதெறிக்க ஓடி மஸ்ஸேயோவின் முன்னால் மண்டியிட்டார்.

“ஐயா, பகைவன் மேற்கே வருகிறான்!”

“உனக்கு யார் சொன்னது?”

“உழவாரக் குருவி, ஐயா.”

“எந்தக் குருவி? பொந்துகளைத்தான் அடைத்துவிட்டாயே!”

“அடைக்கவில்லை, ஐயா. பொய்ச் சத்தியம் செய்தேன். கையை அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் படையைத் திருப்புங்கள்!”

மஸ்ஸேயோவின் முகம் சிவந்தது. ஆனாலும் மதில் மேல் ஏறி மேற்கே பார்த்தார். சதுப்பு நிலத்துக்கு மேலே ஆயிரக்கணக்கான குருவிகள் கருகருவென்று சுழன்றுகொண்டிருந்தன. ஆள் நடமாட்டமில்லாத சதுப்பில் இவ்வளவு பூச்சியைக் கிளப்பியது யார்? அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

கொம்பு ஊதினார்கள். படை திரும்பி ஓடியது. கஸ்பானாவின் குதிரைகள் வயிறு வரை சேற்றில் புதைந்து திணறிக்கொண்டிருந்தபோது, வெர்னோலாக்காரர்கள் கரையில் வரிசையாக ஈட்டியை நீட்டி நின்றார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நாழிகை ஒன்றுகூட ஆகவில்லை. கஸ்பானாவின் தளபதி வாளைச் சேற்றில் போட்டுவிட்டார். மூன்று தலைமுறைச் சண்டை அந்தக் காலையோடு ஓய்ந்தது. பாலத்தை இரண்டு ஊரும் பொதுவில் வைத்துக்கொண்டன.

தலை முதல் கால் வரை சேறாக வந்த நூத்தோவை, அங்கியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிந்தோ ஓவென்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மஸ்ஸேயோவிடம் போய் வலக்கையை நீட்டினார்.

ஊரே கூடி நின்று பார்த்தது. மஸ்ஸேயோ அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, சாந்து பட்டு வெடித்திருந்த அந்த விரல்களில் முத்தமிட்டார்.

“இந்தக் கை உன்னுடையது இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆமாம், இனி இது ஊருக்குச் சொந்தம். ஊர் சொல்கிறது, கேட்டுக்கொள்: குருவியின் பொந்தை இந்தக் கை அடைக்கக் கூடாது. எந்தக் கொத்தனாரின் கையும் அடைக்கக் கூடாது.”

பன்னிரண்டாம் நாள் மூன்று குஞ்சுகளும் பறந்தன. பிந்தோ வாசலில் நின்று, “தாயே, இனியாவது கீழே இறங்கி வா. ரொட்டி வைத்திருக்கிறேன்” என்று கூப்பிட்டார்.

குருவி தாழ்வாக வந்து வட்டமிட்டது. இறங்க முடியவில்லை. பன்னிரண்டு நாளும் கால்களை வயிற்றோடு மடித்தே வைத்திருந்ததில், அவை சுருங்கி நகம் மட்டும் மிஞ்சியிருந்தது. சுவரைப் பற்றலாம், தரையில் நிற்க முடியாது.

“ஐயோ, எங்களால்தானே உனக்கு இந்தக் கதி!” என்றார் பிந்தோ.

“என் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையும் இருக்கிறான். நடப்பதற்குத்தான் வானம் இருக்கிறதே, கொத்தனாரே! வீட்டை மட்டும் அடைக்காமல் வையுங்கள், போதும்” என்று சொல்லிக் குருவி மேலே போனது.

உழவாரக் குருவி தரையில் கால் வைக்காமல் இருப்பதும், அந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் கோபுரம் கட்டி முடித்த பிறகும் சாரப் பொந்தை அடைக்காமல், அதன் வாயை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டு நன்றி சொல்லிவிட்டு இறங்குவதும் அன்றைக்குத் தொடங்கியவைதான்.