மேல் டப்பாத் தண்ணீர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. பொறாமைக் கதையைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. பக்கத்தில் யாருக்காவது உறைத்துவிடும்.

இரண்டு கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது ஒரு மடம். கையகல மண்கூடக் கிடையாது. அதனால் குரு குழந்தையம்மாள், சீடருக்கு ஒரு செடியாகப் பெயிண்ட் டப்பாக்களில் சாமந்தி வைத்து, வாசல் உத்தரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை யார் செடியில் நல்ல பூவோ அது விளக்குக்கு. அன்றைக்கு முதல் பாட்டும் அவருக்கு.

சீடர் காசிலிங்கம் பழைய பஸ் கண்டக்டர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாலு வருஷமாக அந்த முதல் பாட்டுக்குக் காத்திருக்கிறார். அவர் டப்பா மேலே. போன தை மாசம் வந்த முத்தரசனுடையது நேர் கீழே. ஐந்து வெள்ளியாக முத்தரசன்தான் பாடுகிறார், அதுவும் தகரத்தைத் தரையில் இழுக்கிற குரலில்.

காசிலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. மூணு வேளையும் தண்ணீர் ஊற்றினார். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினார். இலை பழுத்ததுதான் மிச்சம்.

பொறுக்க முடியாமல் குருவிடம் போனார்.

"அம்மா, அந்த ஆள் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தி நான் பார்த்ததில்ல. அவருக்கு மட்டும் எப்படிப் பூக்குது? மந்திரம் கிந்திரம் சொல்லிக் குடுத்தீங்களா?"

"அவரையே கேளுங்களேன்."

முத்தரசன் தலையைச் சொறிந்தார். "தினமும் மண்ணுல விரலை விட்டுப் பார்ப்பேண்ணே. ஈரமா இருக்கும். சரின்னு விட்டுடுவேன்."

"கேட்டீங்களாம்மா! சோம்பேறிக்குப் பூ!"

குரு சிரிக்கவில்லை. "ஐயா, உங்க செடிக்கு ஊத்துங்க."

ஊற்றினார்.

"இப்போ டப்பாவுக்கு அடியில கையை நீட்டுங்க."

அடித்துளை வழியாகப் புண்ணாக்குத் தண்ணீர் மஞ்சளாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. விரலிடுக்கில் வழிந்து முத்தரசன் செடியில் சொட்டியது.

காசிலிங்கம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் என் புண்ணாக்கா? டப்பாவை மாத்துங்கம்மா. நான் கீழே வர்றேன்."

"மாத்திடலாம். மேலேயிருந்து அவர் மூணு வேளை ஊத்துவாரா?"

முத்தரசன் உத்தரத்தைப் பார்த்தார்.

காசிலிங்கம் விடவில்லை. "அப்போ அந்தப் பூ என்னுது. நாளைக்கு வெள்ளி. நான்தான் பாடணும்."

"தாராளமாப் பாடுங்க ஐயா. கீழே சொட்டும்னு தெரிஞ்சே சனிக்கிழமையும் ஊத்துவீங்களா?"

காசிலிங்கம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

குரு தண்ணீர்ச் செம்பை விளிம்புவரை நிரப்பி, அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.