மகாராஜாவின் ஒருசந்தி

பவளத்துறை ஒரு சின்ன ராஜ்ஜியம். எவ்வளவு சின்னது என்றால், ராஜா ஞானப்பிரகாச பூபதி கோபத்தில் கத்தினால் எல்லைக் காவலன் எழுந்து நிற்பான். ராஜா பரம பக்தர். வேதக் கட்டளை ஒன்றில்கூட ஓர் எழுத்தை மீறமாட்டார்.

ஆகவே தவக்காலம் பிறந்ததும், நாளுக்கு ஒரே ஒரு சாப்பாடு என்ற ஒருசந்தி நோன்பை ஏற்றுக்கொண்டார். முதல் நாள் மாலைக்குள் அவருக்குக் கண் இருண்டுவிட்டது. அப்போதுதான் மந்திரி கஸ்பார் ஒரு வழி கண்டுபிடித்தார். இலையை விட்டு எழுந்து கை கழுவினால்தானே சாப்பாடு முடிகிறது? எழவே இல்லையென்றால்?

மறுநாளிலிருந்து ராஜா விடிந்ததும் இலை முன் உட்கார்ந்தார். அந்தி சாய்ந்ததும் எழுந்தார். இடையில் வழக்கு விசாரித்தார், தூதர்களைப் பார்த்தார், இரண்டு முறை தூங்கினார். வலது கையை மட்டும் கழுவவில்லை. இறைச்சி விலக்கு என்பதால் சீலா மீன் வறுவல், இறால் தொக்கு, நண்டுக் குழம்பு என்று கடலே இலைக்கு வந்துகொண்டிருந்தது. தவக்காலத்தில் உடம்பு ஏறிய ஒரே பக்தர் அவர்தான்.

அரசவை விகடகவி யாகப்பருக்கு இதைப் பார்க்க வாய் ஊறியது, வயிறும் எரிந்தது. இரண்டில் எது முதலில் என்று அவரே சொன்னதில்லை. அவருக்கு மனசு பொறுக்காதது சமையற்காரர் பத்திநாதனின் பாடுதான். அந்த மனுஷன் உண்மையாகவே ஒருவேளை உண்டு, நாள் முழுக்க நின்று பரிமாறினார்.

ஒருநாள் காலை, ராஜா மூன்றாம் சுற்று முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பசி மயக்கத்தில் இருந்த பத்திநாதன், சாப்பாடு ஆயிற்று போலும் என்று நினைத்து இலையை மடித்துவிட்டார்.

விழித்த ராஜா பதறிப்போய் இன்னோர் இலை கேட்டார். கஸ்பார் காதைப் பொத்திக்கொண்டார். மடித்தது மடித்ததுதான், இனி உட்கார்ந்தால் அது இரண்டாம் சாப்பாடு, பாவம் என்றார். அவர் கண்டுபிடித்த சட்டம் அவர் வாயையே கட்டிப்போட்டது. ராஜா மறுநாள் விடியும்வரை பட்டினி.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது.

"என்னைப் பட்டினி போட்டவனுக்குப் பட்டினி என்றால் என்னவென்று தெரியட்டும். தவக்காலம் முடியும் பாஸ்கா திருநாள் வரை சிறை. நாளுக்கு ஒரே சாப்பாடு."

பத்திநாதனின் உடம்பு அதைத் தாங்காது என்று யாகப்பருக்குத் தெரியும். கெஞ்சினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார் என்றும் தெரியும். தண்டனையை மேற்பார்க்கும் வேலையைத் தமக்குத் தரும்படி பணிவாகக் கேட்டார்.

"உமக்கு இரக்கம் அதிகம் ஓய். சாப்பாட்டைக் கூட்டிவிடுவீர்."

"ஒன்றுக்கு மேல் போனால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் மகாராஜா."

ஒரு வாரம் போயிற்று. ஒரு நண்பகலில் கஸ்பார் மூச்சிரைக்க ஓடிவந்தார். சிறையில் மீன் மணக்கிறது, கைதிக்குக் கன்னம் உப்பிவிட்டது, யாகப்பரின் தலை போயே போயிற்று என்றார். அவர் குரலில் துக்கம் அவ்வளவாக இல்லை.

ராஜா துள்ளி எழுந்தார். எழுந்த பிறகுதான் எங்கிருந்து எழுந்தோம் என்று உறைத்தது. அன்றைய சாப்பாடும் முடிந்தது. அந்தக் கோபமும் சேர, குழம்புக் கையோடு சிறைக்கு நடந்தார்.

உள்ளே பத்திநாதன் இலை முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாகப்பர்.

"இது எத்தனையாவது சாப்பாடு?"

"முதலாவதுதான் மகாராஜா. விடிந்ததும் உட்கார்ந்தார். இன்னும் எழவில்லை, கை கழுவவில்லை."

"ஒரே சாப்பாடு என்று நான் சொன்னது அவன் பசியை உணரவேண்டும் என்றுதான். அதுகூடவா உமக்குப் புரியவில்லை?"

"புரிந்தது மகாராஜா. ஆனால் சொன்னவர் எதற்காகச் சொன்னார் என்று கேட்கும் வழக்கம் நம் அரண்மனையில் இல்லையே. வார்த்தை உடையாமல் இருந்தால் போதும் என்றுதானே ஒருசந்தியே நடக்கிறது."

கஸ்பார் சுவரைப் பார்த்தார். ராஜா தம் வலது கையைப் பார்த்தார். அதில் குழம்பு காய்ந்திருந்தது. ஆண்டவர் ஒருசந்தியை எதற்குத்தான் சொன்னாராம் என்று கேட்டார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"இவர் இலையை மடித்த அன்று அடுப்பில் சட்டிகள் அப்படியே நிறைந்திருந்தன. எல்லாவற்றையும் வாசலில் நின்ற ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் பசித்திருந்தீர்கள், அவர்கள் சாப்பிட்டார்கள். இந்த ராஜ்ஜியத்தில் ஒருசந்தி நடந்தது அந்த ஒரு நாள்தான் மகாராஜா. அதற்குத்தான் பத்திநாதன் சிறையில் இருக்கிறார்."

ராஜாவுக்கு முகம் சுருங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சிறைக்கூடமே அதிரச் சிரித்தார். பத்திநாதனைக் கைபிடித்து அவரே எழுப்பினார். இனி தவக்காலம் முழுக்கச் சட்டிகள் வாசலுக்குப் போகட்டும் என்று உத்தரவிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றி யாகப்பரிடம் நீட்டினார். வாங்கக் கை நீட்டியவரின் விரல்களை ராஜா உற்றுப் பார்த்தார்.

"உம் கையிலும் குழம்பு காய்ந்திருக்கிறதே ஓய்."

"தண்டனை சரியாக நடக்கிறதா என்று கிட்ட இருந்து பார்க்கவேண்டியிருந்தது மகாராஜா."

"நல்லது. நாளை முதல் என் ஒருசந்தியையும் கிட்ட இருந்து பாரும். பத்திநாதா, என் பக்கத்தில் இவருக்கும் ஓர் இலை போடு. நான் எழும்போது இவர் இலையையும் மடித்துவிடு."

யாகப்பர், மகாராஜாவுக்கு வேகமாகச் சாப்பிடும் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

"இன்றுவரை இல்லை," என்றார் ராஜா.