பொட்டலத்தைப் பிரித்த கை

மலையடிவாரத்து மருந்துச்சாலைக்குக் குமுதவல்லி அம்மையார்தான் தலைமை. அவரிடம் வைத்தியம் கற்க வந்த ஞானப்பிரகாசம் அவரைவிட மூத்தவர். நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்.

மருந்துக் குறிப்புகள் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஃபைல். யார் எதைத் திருத்தினாலும் பழையதும் அழியாமல் இருக்கும். எந்தக் குறிப்பு மாறியது என்று எல்லாருடைய போனுக்கும் தகவல் போகும். அந்தத் தகவலை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி அனுப்பும் ஸ்கிரிப்டுகளை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைத் தொகுப்புகளை, எழுதியவர் ஞானப்பிரகாசம்.

ஒரு நாள் அம்மையார் 'ஆடாதோடை கஷாயம்' என்ற குறிப்பில் மிளகைக் குறைத்தார். ஸ்கிரிப்ட் அந்தப் பெயரை நடுவில் இருந்த இடைவெளியில் உடைத்தது. ஆடாதோடை மாறியது, கஷாயம் மாறியது என்று இரண்டாகச் சொன்னது. 'ஆடாதோடை' என்றே இலை பறிப்பது பற்றித் தனிக் குறிப்பு ஒன்று உண்டு. அடுப்படியில் மருந்து காய்ச்சும் பவுனம்மாள் அதைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. கஷாயத்தைப் பழைய மிளகு அளவிலேயே காய்ச்சினாள். இருமல்காரர்களுக்கு வைத்த பானை முழுவதையும் கீழே கொட்ட வேண்டியதாயிற்று.

இனி போன் சொல்வதை நம்பப் போவதில்லை, நாய் கழுத்தில் கட்டி அனுப்பினால்கூட ஒழுங்காக வந்து சேரும் என்று பவுனம்மாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். மற்றவர்களும் தகவல்களைப் பார்ப்பதை விட்டார்கள்.

ஞானப்பிரகாசம் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டு ஒன்றாகக் கட்டினார். அப்படியும் உடைந்தே வந்தது. அம்மையாரிடம் போனார்.

"பேர்ல இடைவெளி விடக்கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்கம்மா. நான் கட்டித்தான் அனுப்பறேன். அப்பவும் உடையுது."

அம்மையார் சூரணத்தைக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றி, வாசலில் இருக்கும் மாடசாமி மூலமாக நோயாளிக்குக் கொடுக்கச் சொன்னார். ஞானப்பிரகாசம் அதை மாடசாமியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"மாடசாமி பிரிச்சாரா?"

"அவர் எதுக்குப் பிரிக்கணும்? சாப்பிடறவங்கதானே பிரிக்கணும்."

அம்மையார் அடுத்த பொட்டலத்தை மடிக்கத் தொடங்கினார்.

ஞானப்பிரகாசம் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்து, கட்டு எங்கே பிரிகிறது என்று ஒவ்வொரு ஸ்கிரிப்டாகப் பார்த்தார். முதல் ஸ்கிரிப்ட் பெயரைக் கட்டித்தான் கொடுத்தது. அதை வாங்கிய இரண்டாவது ஸ்கிரிப்ட் கட்டைக் கழற்றிவிட்டு, வெறும் பெயராக அடுத்ததிடம் நீட்டியது. அதையும் அவர்தான் எழுதியிருந்தார். தன்னுடைய ஃபைல்களை வைத்தே சோதித்திருந்தார். அவற்றின் பெயர்களில் இடைவெளியே கிடையாது. கட்டைக் கழற்றாமல் அப்படியே கொடுக்கும்படி அதைத் திருத்தினார்.

மறுநாள் அம்மையார் இன்னொரு குறிப்பில் தேனின் அளவை மாற்றினார். அடுப்படியில் போன் ஒலித்தது. பவுனம்மாள் திரும்பவில்லை. ஒரு தடவை பார்க்கச் சொல்லி ஞானப்பிரகாசம் கெஞ்சினார். வேண்டாவெறுப்பாக எடுத்தாள். 'சளி கட்டின பிள்ளைக்குப் படுக்கும்போது கொடுக்கிற லேகியம்' என்று, அவள் வைத்த பெயர் அப்படியே இருந்தது.

கரண்டியைக் கீழே வைத்தாள். குறிப்பைத் திறந்து படித்தாள். எடுத்து வைத்திருந்த தேனை மறுபடி அளந்தாள்.

ஞானப்பிரகாசம் நேராக அம்மையாரிடம் வந்தார்.

"முழுசா வந்து சேர்ந்துடுச்சும்மா. ஆனா ஒரு ஃபைலுக்கு இவ்வளவு நீளமாவா பேர் வைப்பாங்க? இனிமேலாவது சுருக்கி வைக்கச் சொல்லலாம்ல?"

அம்மையார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பேர் வைக்கிறது காய்ச்சுறவங்க பாடு ஐயா. நமக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைதான்."