கட்டில் நீளத் தொட்டி

குளத்தூரில் மொட்டை மாடி முழுக்க மீன்தொட்டிக்கான நீர்ச்செடி வளர்க்கும் சுகந்திக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் முனிரத்தினம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

இப்படி ஒரு ஜோடியை எந்த மடமும் உள்ளே விட்டிருக்காது. மொட்டை மாடிக்கு அந்தக் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் டப்புகளில் இருக்கும் செடிகளை அலசுவார், அழுகின இலையைக் கிள்ளுவார், சந்தேகம் கேட்பார். அவளைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி சுகந்தி அலுத்துவிட்டாள்.

சந்தேகம் கேட்டால் அவள் நேராகப் பதில் சொல்வதில்லை. இந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேட்டால், ஒரு டப்பை நிழலுக்கு இழுத்துவிட்டு, "அடுத்த வாரம் பாருங்க" என்பாள். கண்டக்டருக்கு இது ஆகுமா? கேட்ட உடனே டிக்கெட் கிழித்துக் கொடுத்துப் பழகின கை. வாராவாரம் புலம்பிக்கொண்டே படியிறங்குவார், அடுத்த வாரம் முதல் ஆளாக ஏறி வருவார்.

அந்த ஞாயிறு அவர் லுங்கி மாற்றவில்லை. வந்த வேட்டியோடு டப்புகளுக்கு நடுவே நின்றார்.

"குருவே, இன்னிக்கு எனக்கு நேரா பதில் வேணும். எந்த ஃபில்டர் நல்லது? எந்த லைட்டு நல்லது?"

"எந்தத் தொட்டிக்கு?"

"கஸ்தூரி தொட்டிக்கு."

சுகந்தி கையிலிருந்த செடியைத் தண்ணீரில் வைத்தாள்.

கஸ்தூரி அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். விசிலை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு தானும் மைதானத்தைச் சுற்றி ஓடியவர். மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் நடந்து எலும்பு கூடிவிட்டது. வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் மாதங்கள் ஆகின்றன. எலும்பு கூடியது, மனசு கூடவில்லை. கஸ்தூரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் திரும்புவார். கை கழுவியதும் மறுபடி சுவர்.

அந்த முகத்தை இந்தப் பக்கம் திருப்புவதற்காகத்தான் முனிரத்தினம் மீன்தொட்டி கட்டினார். கட்டிலின் மறுபக்கம், ஜன்னலுக்குக் கீழே. கட்டில் நீளத்துக்கு நீளம், ஆழம் ஒரு சாண்தான். ஆழமாகக் கட்டினால் ஜன்னலை மறைக்கும் என்று யோசித்து யோசித்து எடுத்த அளவு அது.

"முதல்ல பாத்தா குருவே. நல்லா இருக்குன்னுகூட சொன்னா. அப்புறம் பழையபடி செவுருதான்."

"என்ன ஃபில்டர் போட்டீங்க?"

"இருக்கறதுலயே பெருசு. ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு. நீளமான தொட்டியாச்சே, கடைசி வரைக்கும் தண்ணி ஓட வேணாமா? இந்தக் கோடில ஒண்ணு, அந்தக் கோடில ஒண்ணு."

"லைட்டு?"

"அதுவும் இருக்கறதுலயே பவர் ஜாஸ்தி. செடி பச்சப் பசேல்னு வந்தாத்தான அவ பாப்பா?" அவர் பக்கத்து டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கு மேல ஒண்ணு இருந்தா சொல்லுங்க குருவே. எங்க இருந்தாலும் போய் வாங்கியாந்துடறேன். அவ அப்படிப் படுத்திருக்கறத என்னால பாக்க முடியல."

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் நின்ற முருங்கையிலிருந்து ஒரு கொத்து ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க குருவே?"

"உங்க வீட்டுக்கு."

பட்டப்பகலில் அந்த அறையில் ட்யூப்லைட் எரிந்தது. தொட்டிக்கு மேலே நீளமான லைட் வெள்ளை வெளேரென்று தொங்கியது. இரண்டு ஃபில்டர்களும் இரண்டு கோடியிலும் உறுமிக்கொண்டிருந்தன. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டி, லைட் வந்த அட்டைப்பெட்டி, மிச்சமான குழாய், மண் மூட்டை எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தன. கஸ்தூரியின் முதுகு மட்டும் தெரிந்தது.

முனிரத்தினம் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் நின்ற அதே நிலை. மறு கையால் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். இது நாடா போல நீளும் புல், இது தரையில் படரும் செடி, இது நியான் மீன்.

சுகந்தி ஒரு முருங்கை இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். எந்தத் தொட்டியானாலும் அவள் முதலில் செய்வது அதுதான்.

இலை விர்ரென்று ஓடியது. பாதி வழியில் எதிர்ப்பக்கத்துத் தண்ணீர் வந்து மோத, நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று உள்ளே போய்விட்டது. அங்கே புல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நியான் மீன்கள் மூலையில் ஒரு கல்லுக்குப் பின்னால் கூட்டமாக நின்றன. நிற்பதற்கே விடாமல் வாலை அடிக்க வேண்டியிருந்தது அவற்றுக்கு.

அவள் கட்டிலுக்கு வந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நானும் படுத்துக்கறேன்."

கஸ்தூரி தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் சுவரோரம் நகர்ந்தார். குருவானவள் பாதித் தலையணையில் தலை வைத்து, தொட்டியைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

முனிரத்தினத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேள்வி கேட்டவர் அவர். பதில் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுகந்தி கையை எடுத்துக் கண்மேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன குருவே, தலைவலியா?"

"லைட்ட அணைங்க."

அணைத்தார். சுவர்ப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"கண்ணுலயே குத்துதும்மா அது," என்றார் கஸ்தூரி. திரும்பாமலேதான் சொன்னார். "மூடிக்கிட்டாலும் உள்ள செவப்பாத் தெரியுது. அப்புறம் அந்த மீனுங்க. ஒரு இடத்துல நிக்கறதுக்கே நாள் பூரா ஓடுதுங்க. பாக்கப் பாக்க எனக்கு மூச்சு வாங்குது."

முனிரத்தினம் ஜன்னல் கம்பியை விட்டார்.

"ஏன் கஸ்தூரி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிங்க சொல்றது? ஆசையாக் கட்டி வெச்சிட்டு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். பின்னால் கைகட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து அது அழகாகத்தான் இருந்தது. லைட் அவர் இடுப்புக்குக் கீழே, கீழ்நோக்கித் தொங்கியது. அவர் கண்ணில் அது ஒரு நாளும் பட்டதில்லை.

சுகந்தி எழுந்தாள்.

"இந்த லைட்டு எந்தத் தொட்டிக்குச் செஞ்சது அண்ணே?"

"ஆழமான தொட்டிக்கு."

"இதுல வெளிச்சம் எவ்வளவு தூரம் எறங்கணும்?"

"ஒரு சாண்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. லைட்டை மறுபடி போட்டு, அதன் திருகைக் கால்வாசிக்குக் குறைத்தாள். அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து நீளமாக வெட்டி, கட்டில் பக்கம் தடுப்பாக ஒட்டினாள். ஒட்டிவிட்டு மறுபடி ஒருமுறை தலையணையில் தலையை வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். ஒரு ஃபில்டரைக் கழற்றி வெளியே வைத்தாள். மிச்சமிருந்த குழாயில் முனிரத்தினத்தை நெடுகச் சின்னச் சின்னத் துளை போடச் சொன்னாள். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியோரம் அந்தக் குழாயைப் படுக்க வைத்து, மிஞ்சின ஃபில்டரை அதில் மாட்டினாள். துளைகளைக் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினாள். தண்ணீர் கண்ணாடியில் பட்டு, கட்டில் நீளத்துக்கும் கசிவதுபோல இறங்கியது.

"இவ்வளவு மெதுவாப் போனா அழுக்கு சேராதா குருவே?"

அவள் இன்னொரு முருங்கை இலையைப் போட்டாள். இலை மெல்லக் கிளம்பியது. புல்லுக்குள் நுழைந்து கொஞ்சம் தங்கியது. பிறகு வெளியே வந்து, அந்தக் கோடியில் ஃபில்டர் உறிஞ்சும் இடம் வரை போய்ச் சேர்ந்தது. முனிரத்தினம் பொறுமையில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு நியான் வெளியே வந்து, வாலை அடிக்காமல் சும்மா நின்றது.

கஸ்தூரி திரும்பவில்லை. சுகந்தி திரும்பச் சொல்லவும் இல்லை. போகும்போது ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுப் போனாள்.

முனிரத்தினம் வாசல் வரை பின்னாலேயே ஓடினார்.

"இப்ப திரும்புவாளா?"

"தெரியாதுண்ணே."

"அப்ப நான் இன்னும் என்னதான் பண்ணணும்?"

ஸ்கூட்டரை எடுத்தவள் பையைத் திறந்து மிச்சமிருந்த முருங்கைக் கொத்தைக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். இதற்குப் பெயர் பதிலா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனாலும் தினமும் மத்தியானம் ஓர் இலை போட்டார். போட்டுவிட்டு, அது அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும் வரை நின்று பார்த்தார். சாப்பாட்டுத் தட்டையும் நின்றபடியே கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கஸ்தூரியைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பல நாள் முடியவில்லை.

ஒரு மத்தியானம் மாடியில் சுகந்தி செடி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முனிரத்தினம் ரகசியம் பேசுவதுபோலப் பேசினார்.

"குருவே, திரும்பிட்டா."

"நல்லதுண்ணே."

"நீங்க கேளுங்க. திரும்பிட்டா, ஆனா தொட்டியப் பாக்கல. எல போய்க்கிட்டு இருக்கு, மீனு வெளிய வந்து நிக்குது, எதையும் பாக்கல. இந்தப் பக்கமாப் படுத்துக்கிட்டு என்னையே பாக்கறா."

"ம்."

"வெளிச்சம் பத்தலயோன்னு நெனைக்கிறேன். லைட்ட ஒரு திருகு கூட்டட்டுமா?"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான், சுவிட்சுகிட்ட நிக்கறேன்."

"அந்த நாற்காலி?"

"அதுமேல டப்பாங்க இருக்குதே."

போனில் செடி அலசும் சத்தம் நின்றது.

"டப்பாவக் கீழ வெச்சிட்டு அண்ணி பக்கத்துல உக்காருங்கண்ணே."