காற்று விட்டுப்போன உலகம்

உலகங்களை எழுதியே உண்டாக்கும் மக்கள் வாழ்ந்த நகரம் வரைபுரி. அங்கே நெடுங்கோ என்ற எழுத்தர், தம் மகள் வெண்ணிக்கு ஓர் உலகத்தை நூலாக எழுதிச் சீதனமாகக் கொடுத்தார். மலை, கடல், மேகம், மழை எல்லாம் எழுதினார். மலையின் அழகில் மயங்கிப்போய்க் காற்றை எழுத மறந்துவிட்டார். வெண்ணியும் அவள் கணவன் ஆதனும் அந்த நூலுக்குள் குடியேறினார்கள்.

மேகங்கள் கடலைவிட்டு நகரவில்லை. மழையெல்லாம் கடலிலேயே பெய்து தீர்ந்தது. வெண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்த சமயத்தில் கடைசிச் சுனையும் வற்றத் தொடங்கியது.

மருமகன் ஆதன் நூலிலிருந்து வெளியே வந்து நின்றான். "மலைக்குப் பக்கம் பக்கமா எழுதினீங்களே மாமா, காத்துக்கு ஒரு வரி கிடைக்கலையா?"



அந்த நூல்களுக்குச் சில விதிகள் உண்டு. உள்ளே ஆள் போகலாம், வரலாம். ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொண்டுபோக முடியாது. அங்கே பிறந்த உயிர் வெளியே வர முடியாது. புதிதாக ஒரு வரி சேர்த்தால் அந்த உலகம் ஆதியிலிருந்தே வேறாகிவிடும். அங்கே பிறந்தவர் பிறவாதவர் ஆவார். எழுதியவரைத் தவிர ஒருவருக்கும் பழையது நினைவிருக்காது. பெயரிட்ட எதையும் அடித்து நீக்க மாட்டேன் என்பது எழுத்தர்கள் செய்யும் சத்தியம்.

"காத்தை எழுதிடுங்க மாமா. பிள்ளையை விட்டுட்டு அவ வர மாட்டா. ரெண்டு பேரையும் நான் பறிகொடுக்கணுமா?"

திறந்திருந்த நூலுக்குள்ளிருந்து வெண்ணியின் குரல் வந்தது. "எழுதாதீங்கப்பா. இவளுக்குப் பேரு வச்சுட்டேன். பூவை. உங்க சத்தியம் ஞாபகம் இருக்கட்டும். தண்ணி இருக்கிறவரைக்கும் இருக்கோம். அப்புறம் சேர்ந்தே போறோம்."

நெடுங்கோ எழுத்தாணியை எடுத்தார். 'நான் எதையும் அடிக்கவில்லையே, சேர்க்கத்தானே செய்கிறேன்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டே காற்றை எழுதினார்.

நிலத்தில் மழை பெய்தது. வெண்ணி அப்பாவைப் பார்க்க வந்தாள், வெறுங்கையோடு.

"அங்க என்ன காத்து தெரியுமாப்பா! ஆனா எதையோ மறந்து வச்சுட்டு வந்த மாதிரியே இருக்கு."

எழுதச் சொன்ன கணவன், எழுதாதே என்ற தாய், எழுதிய தகப்பன். இவர்களில் யார் பக்கம் நியாயம்?

விடை: வெண்ணியின் பக்கம். ஆதன் எதைக் கொடுத்து எதைக் கேட்டான் என்பது இன்று அவனுக்கே தெரியாது. நெடுங்கோ சேர்த்த வரி ஒரு பெயரை அடித்துவிட்டது. தாயின் மடியில் செத்திருந்தாலும் பூவை வாழ்ந்தவள் ஆகியிருப்பாள். மகள் உயிரோடிருக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். நெடுங்கோவும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறார். அந்தப் பெயரை ஒரு முறையாவது எழுதிப் பார்க்க அவர் கை துடிக்கிறது. ஆனால் அவர் எழுதியது உண்டாகிவிடும் அல்லவா? எழுதினால், எங்கோ தாயில்லாமல் ஒரு பிள்ளை பிறந்துவிடும்.