மூட்டைக்காரனின் முதுகு

"ஒண்ணே ஒண்ணுதாங்க குறையுது," என்றார் டாக்டர் கோதண்டபாணி.

"குறையட்டும்," என்றார் குரு.

போன தடவையும் இதே பதில்தான். அதற்கு முந்தின தடவையும்.

இந்தத் தடவை டாக்டர் எழுந்து போகவில்லை. பேஷண்டுகளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை அத்தனை வளைவும் ஏறி வந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், ஊரில் பெயர்பெற்ற பல் டாக்டர். ஆனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் மாதிரிதான் இருந்தது.

குருவின் பெயர் பிரிசில்லா. ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். டாக்டரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். பொம்மை சேர்க்கிற கூட்டத்தில் முதலில் கேலிக்குத்தான் அவரைக் குரு என்று கூப்பிட்டார்கள். அப்புறம் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

என்ன பொம்மை என்று சொல்லிவிட வேண்டும்.

'இரும்புக்காட்டு இளவரசி' என்று ஒரு படக்கதை, ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வருஷக்கணக்காக வந்தது. கறுப்பு வெள்ளைதான். அதை வைத்து ஒரு கம்பெனி விளையாட்டுப் பெட்டி போட்டது. பகடை உருட்டிக் காட்டைக் கடக்க வேண்டும். காய்களெல்லாம் ஈயத்தில் வார்த்த கட்டைவிரல் உயரப் பொம்மைகள். இளவரசி, ஒற்றைக்கொம்புப் பூதம், ஆந்தைத்தலை மந்திரி என்று மொத்தம் முப்பத்திரண்டு. தனித்தனிப் பொட்டலமாக விற்பார்கள். வர்ணம் அடித்துத் தர மாட்டார்கள், அது வாங்குகிறவர் பாடு.

அழகென்றால் அப்படியொரு அழகு. இளவரசியின் முழங்கை மடிப்பில் துணிச் சுருக்கம் தெரியும். பூதத்தின் கால்விரல் நகம்கூட ஒவ்வொன்றும் தனியாக இருக்கும். அந்த அச்சைச் செதுக்கிய கை யாருடையதோ, நினைத்தால் கும்பிடத் தோன்றும்.

டாக்டரிடம் முப்பத்தொன்று இருந்தது. கிளினிக்கில் விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்தியிருந்தார். கடைசி இடம் மட்டும் காலி. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி, அவர் கண் நாள் முழுக்க அங்கேயே போகும்.

அந்த இடம் மூட்டைக்காரனுக்கு.

மூட்டைக்காரன் கதையில் வாயே திறக்க மாட்டான். முதுகில் ஒரு மூட்டையோடு இளவரசிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பான், அவ்வளவுதான். எந்தப் பிள்ளை அவனைக் கேட்டு அடம்பிடிக்கும்? எல்லாருக்கும் பூதம்தான் வேண்டியிருந்தது. ஆகவே கம்பெனிக்காரர்கள் அவனைக் கொஞ்சமாக வார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு யாரும் சீந்தாதவன், இன்றைக்குத் தேடினாலும் அகப்பட மாட்டேன் என்கிறான்.

குருவிடம் ஒருவன் இருந்தான்.

போன தடவை வந்தபோது குரு ஒரு கேள்வி கேட்டிருந்தார். உங்கள் முப்பத்தொன்றில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று. டாக்டர் யோசிக்கவே இல்லை. இல்லாததுதான் என்று சொல்லிவிட்டார். குரு சிரித்துக்கொண்டே டீ போட எழுந்து போய்விட்டார். அன்றைக்குப் பேச்சு அதோடு சரி.

இன்றைக்கு டாக்டர் ஏற்பாட்டோடு வந்திருந்தார். பையைத் திறந்து ஒரு பஞ்சுப் பொதியை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே இளவரசி. ஒரு பொட்டு வர்ணம் இல்லை. வெறும் ஈயம், வெள்ளி மாதிரி மின்னியது.

தன்னிடம் இருப்பதிலேயே உசத்தி இதுதான் என்றார் டாக்டர். இதை வைத்துக்கொண்டு மூட்டைக்காரனைக் கொடுக்கச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. இளவரசியைக் கொடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகிவிடுமே என்பதை அவர் யோசித்தாரா தெரியாது. ஆசை வந்தால் கணக்குத் தெரியாது போலிருக்கிறது.

குரு கண்ணை மூடிக்கொண்டு இளவரசியை உள்ளங்கையில் வாங்கினார். விரல் உயரத்திலிருந்து மேசைமேல் விட்டார். மொத்தென்று விழுந்தது. அசல் வார்ப்பு அப்படித்தான் விழும். பிற்பாடு வந்த போலிகள் என்றால் டிங்கென்று கேட்கும். டாக்டர் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

"எப்படிங்க டாக்டர் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைக்கு வரும்போது எல்லாமே அசிங்கமாகத்தான் வரும் என்றார். வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சின பெயிண்டை ஏதாவது ஒரு பிள்ளை அப்பி வைத்திருக்கும். பிரேக் ஆயிலில் இரண்டு நாள் ஊறப்போட்டு, டூத் பிரஷால் தேய்த்தால் அத்தனையும் கழன்று வந்துவிடும். பிரஷ் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீடத்தில் நசுங்கல் இருந்தால் பல் அடைக்கிற சிமெண்டையே வைத்து அடைத்து, ஈய நிறத்தைத் தொட்டுவிடுவார். எங்கே அடைத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

குரு இளவரசியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னாலயும் முடியலை," என்றார். அதில் கேலி இல்லை. "அருமையான கை உங்களுக்கு."

டாக்டருக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று.

குரு எழுந்து உள்ளே போனார். வரும்போது ஒரு நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் அவருடைய பொம்மைகள்.

குருவின் சேகரிப்பை டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். பார்த்ததும் மனசு ஒடிந்துவிட்டது.

மந்திரிக்குப் பச்சை மூஞ்சி. பூதம் ரோஸ் நிறத்தில், இடுப்பில் வெள்ளைப் பொட்டுகளோடு. ஒரு இளவரசிக்கு மீசை. ஒன்றுகூட வெறும் ஈயமாக இல்லை. ஈயத்தின் சத்தத்தை வைத்தே ஜாதகம் சொல்கிற ஆள், சாமானை இப்படியா வைத்திருப்பார்? டாக்டருக்கு வாய்வரை வந்துவிட்டது. மரியாதைக்காக அடக்கிக்கொண்டார்.

ஓரத்தில் மூட்டைக்காரன் நின்றான்.

சட்டைக்கு ஜன்னல் கம்பிப் பச்சை. தலைப்பாகைக்கு நகப்பாலிஷ் சிவப்பு. பூசினது வழிந்து காலடியில் கெட்டியாகக் காய்ந்திருந்தது. டாக்டர் கண்ணில் அதெல்லாம் படவில்லை. அந்தப் பூச்சுக்கு அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு மனிதன் நடந்துகொண்டிருந்தான். அவனைத்தான் பார்த்தார்.

குரு அவனை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்தார். அலமாரியிலிருந்து பிரேக் ஆயில் டப்பாவை எடுத்துக் கிண்ணத்தில் முக்கால்வாசி ஊற்றினார். ஒரு டூத் பிரஷையும் கொண்டுவந்து வைத்தார்.

"எடுத்துக்குங்க. இளவரசியும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

டாக்டரால் நம்ப முடியவில்லை. "நெசமாங்களா?"

"நெசந்தான். ஊறப்போடறதை மட்டும் இங்கயே போட்டுடுங்க. எதைக் கழுவறீங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க."

"இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்கு? பெயிண்ட்டு."

"நீங்க இன்னும் பாக்கவே இல்லையே," என்றார் குரு. "பேஷண்டு மாதிரி உங்க நாற்காலியில உக்கார வெச்சுப் பாருங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டார். பைக்குள் கைவிட்டு, தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. மாட்டிக்கொண்டு மூட்டைக்காரனை இடது கையில் ஏந்தினார். சீக்கிரம் முடித்துவிட்டு ஊறப்போட வேண்டும் என்பதுதான் அவசரம்.

இரண்டு கோட் இருக்கிறது என்றார். பிரஷ் இல்லாமல் தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு வைத்தது என்றார். தலைப்பாகையில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது என்றார். குரு தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பீடத்தைத் திருப்பினார். விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

டாக்டரின் கட்டைவிரல் அந்த விளிம்பிலேயே நின்றது.

இந்த மாதிரிப் பள்ளங்களை அவர் எவ்வளவோ அடைத்திருக்கிறார். எங்கேயோ விழுந்து நசுங்கினது என்பதற்கு மேல் ஒரு நாளும் யோசித்ததில்லை. பொழுது விடிந்தால் பல்லைப் பார்க்கிற ஆள்.

"கடிச்சிருக்கு," என்றார். குரல் மாறியிருந்தது.

"யாரு?"

"ஒரு குழந்தைங்க. பால் பல்லு. ஈயத்தைக் கொண்டுபோயி வாயில வெச்சிருக்கு பாருங்க." அந்தப் பிள்ளை எதிரில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் அவருக்கு அதட்டல் வந்தது. "ஆறு முடிஞ்சு ஏழு நடந்திருக்கும். மேல்வரிசையில முன்பல்லு ஒண்ணு இல்ல. இடப்பக்கம். விழுந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும்."

குரு கையை நீட்டி, டாக்டரின் உள்ளங்கையிலேயே பொம்மையை மெல்லத் திருப்பி வைத்தார்.

மூட்டைக்காரனின் முதுகு.

பொம்மையின் முதுகை யார் பார்க்கிறார்கள்? மூட்டைக்கு மஞ்சள் பூசியிருந்தது. நடுவில் கறுப்பாக இரண்டு புள்ளி, அதற்குக் கீழே ஒரு கோடு. அழுக்கு என்றுதான் டாக்டர் நினைத்தார். பொம்மையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

கோடு இல்லை. வாய்.

வாய்க்குள் ஒரு வரிசை வெள்ளைப் பல், குண்டூசி முனையால் ஒவ்வொன்றாக வைத்தது. நடுவை ஒட்டி ஒரு பல்லுக்கு மட்டும் இடத்தைக் கறுப்பாக விட்டிருந்தது.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி வந்து தேயிலைச் சரிவை மூடிவிட்டது.

"மூட்டை இல்லைங்க இது," என்றார் கடைசியில். "அந்தக் குழந்தைதான். அவன் முதுகுல ஏறி உக்காந்திருக்கு."

"அதேதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"கடிச்ச தடத்துல இடப்பக்கப் பல்லு இல்ல. இந்த மூஞ்சிக்கு வலப்பக்கம் இல்ல. கண்ணாடியில இடம் வலமாத் தெரியும். அதைப் பாத்துப் பாத்து வரைஞ்சிருக்குங்க."

யாருக்கும் வேண்டாத பொம்மை அந்த வீட்டுக்கு எப்படியோ வந்திருக்கிறது. பூதத்தோடு சண்டைபோட அவனிடம் வாளில்லை, கொம்பில்லை. அந்தப் பிள்ளை பார்த்தது அவன் முதுகை. ஏறி உட்கார்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டே இரும்புக்காட்டைக் கடந்திருக்கிறது. டாக்டர் முப்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளின் வாயைப் பார்த்திருப்பார், இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"கழுவலாமா?" என்று கேட்டார் குரு.

டாக்டர் மூட்டைக்காரனை மேசைமேல் வைத்தார். கிண்ணத்துக்குத் தள்ளி வைத்தார்.

பிறகு இளவரசியை எடுத்தார். பூதக்கண்ணாடிக்கு அடியில் தலையிலிருந்து கால்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்த்த தேய்ப்பில் ஒரு மடிப்பு, ஒரு இடுக்கு விட்டுவைக்கவில்லை. அப்படி ஒரு அருமையான கை. இவள் வரும்போது என்ன வர்ணத்தில் வந்தாள்? முதுகில் என்ன இருந்தது? நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கிண்ணத்து ஆயில் நீலமாகக் கலங்கினதும், அதைக் கொட்டினதும் மட்டும் ஞாபகம் வந்தது.

இளவரசியைத் தலைகீழாகப் பிடித்து, பீடத்தின் விளிம்பை விரலால் தடவினார். வழவழவென்றிருந்தது. யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடம். அவருக்குத் தெரியும்.

பையிலிருந்து பல் கிளறுகிற கொக்கியை எடுத்தார்.

"பயப்படாதே கண்ணு," என்றார், நாற்காலியில் ஏறும் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில். "வலிக்காது."

கொக்கி முனை உள்ளே இறங்கியது. ஒரு துணுக்கு சிமெண்ட் பெயர்ந்து மேசையில் விழுந்தது. அது விட்டுப்போன இடத்தில், அரிசி முனையளவில், ஒரு பல் பதிந்த பள்ளம்.

குரு கிண்ணத்தை எடுத்து, பிரேக் ஆயிலைத் திரும்ப டப்பாவிலேயே ஊற்றினார். மூட்டைக்காரனைப் பஞ்சில் சுற்றி டாக்டரின் பைக்குள் வைத்தார். முதுகுப் பூச்சு உரசாமல் பார்த்து வைத்தார்.

"முப்பத்திரண்டும் ஆச்சு," என்றார். "திருப்திதானே டாக்டர்?"

டாக்டர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த பள்ளத்தில் கொக்கி வைத்திருந்தார்.

"இருங்க," என்றார். "இன்னும் ஒண்ணுகூட ஆகலைங்க."